மேனி வறளும் காலம்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர் வீடுகளில் இரண்டு ஓசைகள் தவறாமல் கேட்கத் தொடங்கும். முதலாவது, விடியற்காலையில் பனியைக் கடந்து கோவிலிலிருந்து வரும் பாட்டு. இரண்டாவது, இரவில் விளக்கை அணைத்த பிறகு பக்கத்துப் படுக்கையிலிருந்து வரும் 'சரக், சரக்' என்னும் ஓசை. முதலாவதைப் பற்றி எழுதுவதற்குப் பண்டிதர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுத ஒருவரும் முன்வருவதில்லை. சொறிந்துகொள்வது என்ன, அவ்வளவு கௌரவமான காரியமா!

ஆயினும் இன்று அந்தக் கௌரவக் குறைவான விஷயத்தைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு நம் வீட்டில் நடந்த ஒரு சம்பவம். அந்தச் சம்பவத்தில் குற்றவாளி வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரசாயன சாஸ்திரம் போதித்துக் காலட்சேபம் செய்துவரும் நாமேதான்.

நம் அன்னையாருக்கு வயது 73. சென்ற கார்த்திகைக் கடைசியில் அவர்களுடைய முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, மீன் செதிள்போல் உதிரத் தொடங்கிற்று. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாத அரிப்பு, இரவு படுத்தவுடன் தலைகாட்டும். முதியவர்களுக்கே உரிய வழக்கப்படி அவர்கள் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாமாகவே வைத்தியத்தில் இறங்கினார்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரைச் சூடு ஆறாமல் ஊற்றிக்கொண்டார்கள். பீர்க்கம் நாரால் தேய்த்தார்கள். 'கிருமியாக இருக்கும்' என்று குளிக்கும் நீரில் கிருமிநாசினியும் கலந்தார்கள். ஊற்றும்போது சுகமாக இருந்தது. பிறகு அரிப்பு இரண்டு மடங்காயிற்று.

ஒரு நாள் காலையில் தலையணை உறையிலும் புடவையிலும் இரத்தத் துளிகளைப் பார்த்த பிறகே நமக்கு விஷயம் தெரிந்தது. அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு மருந்துக் கடையில் நுழைந்து, "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்றோம். யாருக்கு, எத்தனை வயது, எந்த இடத்தில் என்று கடைக்காரர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அரை நிமிஷத்தில் ஒரு களிம்புக் குழாய் நம் கையில் இருந்தது.

அந்தக் களிம்பு செய்த வேலையை என்னவென்று சொல்வது! நான்கே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. "என் பிள்ளை வாங்கி வந்த மருந்து" என்று அன்னையார் தெருவெல்லாம் சொல்லிக் கொண்டாடினார்கள். பட்டதாரி மகனுக்கும் பெருமை தாங்கவில்லை. பத்து நாள் கழித்துக் களிம்பை நிறுத்தியவுடன் அரிப்பு மீண்டும் வந்தது. மறுபடி தடவினால் நின்றது; நிறுத்தினால் வந்தது. இப்படியே கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் ஓடின. பங்குனியில் ஒரு நாள் அன்னையாரின் கால் கட்டில் சட்டத்தில் இலேசாக உராய்ந்தது. அவ்வளவுதான், வெங்காயத் தோல் உரிவதுபோல் தோல் கிழிந்து இரத்தம் பெருகிற்று.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே இருந்த பெண் டாக்டர் காலைப் பார்த்தார். நாம் கொண்டுபோயிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"ஸார், இதை எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?"

நாம் தலை குனிந்தோம். அன்னையாரோ நம்மை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா. எனக்கு நல்லது செய்யத்தானே வாங்கி வந்தான்!" என்றார்கள். டாக்டர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அன்று அந்த அம்மையார் சொன்னவற்றையும், அதன் பின் நாமாகத் தேடிப் படித்து அறிந்தவற்றையும் நேயர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தோல் என்னும் மதில்

நம் மேனியை மூடியிருக்கும் தோலின் மேற்பகுதி உயிரற்ற அணுக்களால் ஆனது. கீழே பிறக்கும் அணுக்கள் மெதுவாக மேலேறி, தட்டையாகி, உலர்ந்து, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துபோகின்றன. இந்த மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். அணுக்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே சாந்தாக இருப்பவை சில கொழுப்புப் பொருள்கள். இரத்தத்தில் மிகுந்தால் டாக்டர்கள் பயமுறுத்துகிறார்களே, அந்தக் கொலஸ்டிராலும் இந்தச் சாந்தில் ஒரு முக்கியமான சரக்கு. உள்ளே இருக்கும் நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியே இருக்கும் விஷப் பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது இந்த மதில்தான்.

சாந்து உதிர்ந்தால் சுவர் என்ன ஆகும்? விரிசல் காணும். நீர் வெளியேறும்; தோல் வறளும். அந்த விரிசல் வழியாகச் சோப்பின் காரமும், தூசியும், துணியில் தங்கிய சலவைத் தூளும் உள்ளே சென்று உறுத்தும். உறுத்தினால் அரிக்கும். அரித்தால் சொறிவோம். சொறிந்தால் மதில் இன்னும் இடியும். இடிந்தால் இன்னும் அரிக்கும். இந்தச் சக்கரத்தை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். களிம்பு அரிப்பை நிறுத்திற்று, மதிலைக் கட்டவில்லை. ஆகையால்தான் களிம்பை விட்டவுடன் அரிப்பு திரும்பி வந்தது.

வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது, சாந்தும் குறைகிறது. எனவேதான் பனிக்காலத்தின் முதல் அடி வீட்டிலுள்ள முதியவர்களின் முழங்காலுக்குக் கீழ் விழுகிறது. கோடையில் நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதே கதிதான். அந்த இயந்திரம் அறையின் வெப்பத்தோடு காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது.

எடுப்பதைக் குறைத்தல்

மதிலைக் கட்டுவதற்கு முன்னால், நாம் தினந்தோறும் அதை இடிப்பதை நிறுத்த வேண்டும். இதற்குக் காலணாச் செலவு இல்லை. ஆனால் பழக்கத்தை விடுவதைப்போல் கஷ்டமான காரியம் வேறு இல்லை.

முதல் எதிரி வெந்நீர். எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்க வெந்நீர் விடுகிறோம், ஏன்? எண்ணெய்ப் பசை போய்விடும் என்பதற்காக. அதே வேலையை அது நம் தோலிலும் செய்கிறது. வறண்ட தோல் உடையவர்கள் வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்குள் ஸ்நானத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எதிரி சோப். ரசாயன அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நல்ல தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 என்னும் இலேசான அமில நிலையில் இருக்கிறது. சாதாரண சோப்போ 9 முதல் 10 வரை உள்ள காரம். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி முதல் தரச் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சோப் உறையில் டி.எஃப்.எம். என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். அளவு அதிகமுள்ளதைத் தேடி வாங்குவது நல்லதே. ஆயினும் எவ்வளவு உயர்ந்த சோப்பானாலும் சோப்பு காரம்தான். ஆகையால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப் போதும். வறண்ட கைகால்களை வெறும் நீரில் அலம்பினால் அழுக்கு ஒன்றும் தங்கிவிடாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை நம்பியிருக்கும் ஊர்களில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். அந்த நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடித் திரிந்து, தோலின்மேல் படிந்து உறுத்தும்.

மூன்றாவது எதிரி தேய்ப்பு. பீர்க்கம் நார், கரடுமுரடான துண்டு, நகம் எல்லாம் இதில் அடங்கும். உதிர்கிற செதிளைத் தேய்த்து எடுத்துவிட்டால் தோல் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் இடியப்போகும் சுவரைக் கடப்பாரையால் குத்துகிறோம். துவட்டும்போது மெல்லிய பருத்தித் துண்டை ஒற்றி எடுக்க வேண்டும்.

நம் பாட்டிமார்களின் எண்ணெய் ஸ்நானத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் அதன் மேல் சீயக்காயோ அரப்போ போட்டுச் சுடச்சுட வெந்நீரை விட்டு, 'பிசுக்கு' ஒரு துளியும் இல்லாமல் எடுக்கிறோமே, அதனால் வைத்த எண்ணெயோடு இருந்த எண்ணெயும் போய்விடுகிறது. வறண்ட தோலுக்குக் குளித்த பிறகு இருக்கும் எண்ணெயே பிரயோஜனம்.

மூன்று நிமிஷ விதி

இனிக் கட்டுமான வேலையைப் பார்ப்போம். தோலுக்கு இடும் பூச்சுகள் செய்கிற வேலை மூவகைப்படும். கிளிஸரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் போன்றவை செங்கல் இடுக்குகளை நிரப்பி மிருதுவாக்கும். வாஸலின் போன்றவை மேலே மூடிபோல் இருந்து உள்ளே உள்ள நீரை வெளியே விடாமல் தடுக்கும். பெரிய கடைகளில் கண்ணைப் பறிக்கும் சீசாக்களில் இருப்பவையும் பெரும்பாலும் இந்த மூன்றின் கலவையே. மிகுந்த விலை பெரும்பாலும் வாசனைக்கும் சீசாவுக்கும் கொடுக்கிற விலை. அந்த வாசனையே சிலருடைய தோலுக்கு விரோதி.

எதைப் பூசினாலும் எப்பொழுது பூசுகிறோம் என்பதே முக்கியம். குளித்துத் துடைத்து, தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே, சுமார் மூன்று நிமிஷத்துக்குள் பூசிவிட வேண்டும். பானையில் நீர் இருக்கும்போது மூடி வைத்தால் நீர் நிற்கும். நீர் வற்றிய பிறகு மூடி போட்டு என்ன பயன்? மயிர் வளரும் திசையில் மெல்லத் தடவ வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்களில் சிறு கட்டிகள் கிளம்பும். இரவு படுக்குமுன் இன்னொரு முறையும் தடவுவது நன்று.

வாஸலினைப் பற்றி ஒரு சுவையான சரித்திரம் உண்டு. 1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் டைட்டஸ்வில் என்னும் இடத்தில் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். அதைப் பார்க்கச் சென்ற ராபர்ட் செஸ்ப்ரோ என்ற 22 வயது ரசாயனிக்கு அங்கே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. எண்ணெய் இறைக்கும் கம்பிகளில் மெழுகு போன்ற ஒரு கசடு ஒட்டிக்கொண்டு வேலையாட்களுக்குப் பெரிய தொல்லை கொடுத்தது. ஆனால் கையில் காயம் பட்டாலும் சுட்டாலும் அவர்கள் அந்தக் கசட்டைத்தான் எடுத்துத் தடவிக்கொண்டார்கள்! செஸ்ப்ரோ அதைச் சுத்தி செய்து, தம் உடம்பிலேயே காயங்கள் உண்டாக்கித் தடவிப் பார்த்தார். 1872-இல் 'வாஸலின்' என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். உண்மையில் அதில் மருந்து ஒன்றும் இல்லை. மூடிபோல் இருந்து, தோல் தன்னைத் தானே கட்டிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவே போதுமானதாகவும் இருக்கிறது.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் இளைத்ததன்று. பிலிப்பைன்ஸ் நாட்டு டாக்டர்கள் தோல் வறண்டவர்களில் ஒரு சாராருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றொரு சாராருக்குக் கனிம எண்ணெயும் கொடுத்துப் பரீட்சித்து, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பயன் தந்தன. ஆனால் எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒலிவ எண்ணெய் தோலின் சாந்தைக் கலைக்கிறது என்று இங்கிலாந்தில் செய்த ஓர் ஆராய்ச்சி 2013-இல் தெரிவித்தது. உயர்ந்த விலை கொடுத்து அதை வாங்கிக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெயோ களிம்போ பூசிய பாதத்துடன் குளியலறையில் நடந்தால் வழுக்கும். முதியவர்களுக்கு அரிப்பைவிட இடுப்பெலும்பு முறிவு கொடியது. மேலும், வாஸலின் முதலியவை ஊறிய துணியில் தீப்பட்டால் அது மிக விரைவாகப் பற்றி எரியும். அகல் விளக்கின் அருகிலும் அடுப்பின் அருகிலும் அந்தப் புடவையோடு போகலாகாது.

அடுக்களையில் உள்ளவை

நம் அடுக்களையும் கொல்லையும் வைத்தியசாலை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த வைத்தியசாலையிலும் எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஆகாது.

அரிக்கும்போது கைகண்ட மருந்து குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி. அதைப் பத்து நிமிஷம் போட்டு வைத்து எடுத்து, உடனே எண்ணெய்ப் பூச்சு இட்டால் நகத்துக்கு வேலை இராது. நைஸாக அரைத்துச் சலித்த பயத்தமாவில் சோப்பின் காரம் இல்லை. அழுத்தித் தேய்க்காமல் உபயோகிக்கலாம். ஆனால் வெடித்துப் புண்ணான இடத்தில் எந்தத் தானிய மாவும் ஆகாது. சோற்றுக் கற்றாழையின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோறு குளிர்ச்சி தரும். தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் உறுத்தும். ஆகையால் நன்றாகக் கழுவியே பயன்படுத்த வேண்டும். கிளிஸரினைத் தனியே பூசாமல் பன்னீரோ நீரோ கலந்து பூச வேண்டும். உதடு வெடித்தால் நாவால் நனைப்பதை விட்டு, நெய்யோ வாஸலினோ தொட்டு வைக்கலாம்.

ஆகாதவை எவை? எலுமிச்சம்பழச் சாறு ஆகாது. வெடித்த தோலில் எரிச்சல் தருவதோடு, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். சமையல் சோடா ஆகாது, அது காரம். கிருமிநாசினியைக் குளிக்கும் நீரில் கலப்பது ஆகாது. வறட்சிக்குக் காரணம் கிருமி அல்லவே! புதிதாக எதையாவது பூசுவதானால், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகே மற்ற இடங்களில் பூச வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கக் கூடியவை

டாக்டரின் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கக் கூடிய நல்ல பொருள்களும் இருக்கின்றன. வாஸலின் ஒன்று. திரவ பாரபின் மற்றொன்று. யூரியா கலந்த களிம்பு மூன்றாவது. யூரியா என்றவுடன் வயலுக்கு இடும் உரம் நினைவுக்கு வரும். அதே ரசாயனம் நம் தோலில் இயற்கையாகவே இருந்து நீரைப் பிடித்து வைக்கிறது. 10 சதவீதக் களிம்பு வறண்ட கால்களுக்கும், அதற்கு மேற்பட்ட அளவுள்ளது பித்தவெடிப்புக் கண்ட தடித்த குதிகாலுக்கும் ஏற்றவை. இரத்தம் கசியும் வெடிப்பில் இட்டால் எரியும்.

காலமைன் என்னும் இளஞ்சிவப்புத் திரவத்தைப் பல வீடுகளில் காணலாம். துத்தநாக பஸ்பத்தோடு சிறிது இரும்புத் துருவைச் சேர்த்தது அது. வேர்க்குருவுக்கும் பூச்சிக்கடிக்கும் நல்லது. ஆனால் உலர்த்தும் தன்மை உடையதாகையால் வறண்ட தோலில் நாள்தோறும் பூசுவது உலர்ந்த வயலுக்கு வெயில் காட்டுவது போலாகும். தூக்கம் தரும் அரிப்பு மாத்திரைகளை முதியவர்களுக்கு நாமாக வாங்கிக் கொடுப்பதும் தவறு. இரவில் எழுந்து தடுமாறி விழ அது வழி செய்யும்.

இப்பொழுது நம் கையில் அரை நிமிஷத்தில் கிடைத்த அந்தக் குழாய்க்கு வருவோம். அதில் இருந்தது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த குளோபெட்டஸால் என்னும் மிக வீரியமுள்ள மருந்து. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. கார்டிஸோனை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹைட்ரோகார்டிஸோனைத் தோலில் பூசினால் அழற்சி தணிகிறது என்பதை அமெரிக்க டாக்டர்கள் 1952-இல் வெளியிட்டார்கள். அன்று தொட்டுக் கோடிக்கணக்கானவர்கள் அதனால் சுகம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அது கத்தியைப் போன்றது. எந்த வீரியம், எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்பதை அறிந்தவர் கையில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். இரத்தக் குழாய்கள் தெரியும். இலேசாக இடித்தாலும் கன்றும், கிழியும். முகத்தில் தடவினால் முகம் சிவந்து, பரு கிளம்பி, களிம்பை விட்டவுடன் எரியும். 'சிவப்பழகு' வேண்டி இதைத் தடவிக்கொண்டு அவதிப்படும் பெண்கள் நம் நாட்டில் ஏராளம். படர்தாமரையின் மேல் தடவினாலோ, அரிப்பு அடங்கி உரு மாறி, டாக்டரே கண்டுபிடிக்கத் திணறும் வண்ணம் உள்ளுக்குள் பரவும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை, டாக்டர் சீட்டு இன்றி விற்கலாகாத 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்பவரும் இருக்கிறார், கொடுப்பவரும் இருக்கிறார். ஆகையால் வீட்டுத் தலைவர்களும் தலைவியரும் களிம்புக் குழாயின் எழுத்துக்களைப் படிக்கப் பழக வேண்டும். குளோபெட்டஸால், பீட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று காணப்பட்டால், டாக்டர் எழுதிக் கொடுக்காதவரை அதைத் திறக்கலாகாது. இத்தனை நாளாகத் தடவி வந்தவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவது எது, ஒட்டாதது எது?

நம் வகுப்பில் ஒரு சிறுமி. வயது 12. எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டையே அணிந்து வருவாள். பெஞ்சின் கோடியில் தனியே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தியபோது சட்டைக்கை விலகிற்று. முழங்கை மடிப்பில் தோல் தடித்துச் சிவந்து வெடித்திருந்தது. கரப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று மற்றப் பெண்களின் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வீட்டிலோ முட்டை, கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று நிறுத்திவிட்டதில் குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தாள்.

அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, தோலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். கரப்பான் ஒட்டுவதில்லை. பெரும்பாலும் அது ஆஸ்துமா, தும்மல் நோய் உள்ள குடும்பங்களில் பிறவியிலேயே மதில் பலவீனமாக அமைந்ததன் விளைவு. சில குழந்தைகளுக்கே குறிப்பிட்ட உணவு ஒவ்வாமல் இருக்கும். அதை டாக்டர் ஆராய்ந்து சொல்ல வேண்டுமே அன்றி, வளரும் குழந்தைக்கு நாமாகப் பத்தியம் வைக்கலாகாது. ஒட்டுவது வேறு. இரவில் அதிகமாய், விரல் இடுக்குகளில், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அரித்தால் அது சிரங்குப் பூச்சியின் வேலையாக இருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். மறுநாள் இரண்டு பெண்கள் தாமாகவே பெஞ்சின் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நாம் இருபது ஆண்டுகளில் நடத்திய பாடங்களில் பரீட்சைக்கு உதவாமல் பயன் தந்த பாடம் அது ஒன்றுதான்.

இன்னும் சில அடையாளங்களைக் கண்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் செல்ல வேண்டும். தோல் சிவந்து சுட்டு, சீழோ நீரோ கசிந்தால், காய்ச்சல் வந்தால், நிறம் மங்கிய தேமலில் தொடு உணர்ச்சி இல்லாவிட்டால், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வெடிப்புக் கண்டால், இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு குறையாவிட்டால் தாமதம் கூடாது. தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பு முழுவதும் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறாகவும், இரும்புச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் அரிக்கும்' என்று முதியவர்களைச் சமாதானப்படுத்துவது சமாதானம் அன்று, அலட்சியம்.

அன்னையாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் நம்மிடம் இருக்கிறது. வீரியம் குறைந்த களிம்பு, நாள் கணக்கிட்டுக் குறைத்துக்கொண்டே வர, வாஸலின், தேங்காய் எண்ணெய், வெதுவெதுப்பான நீர். நகத்தை ஒட்ட வெட்டும்படியும் சொல்லியிருந்தார். நகம் வெட்டும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டோம். குளித்து வந்தவுடன் காலில் வாஸலின் தடவுவதும் நம் வேலையாயிற்று. குனிந்து தடவ அவர்களால் முடியவில்லை. முதல் சில நாள் காலை இழுத்துக்கொண்டார்கள். "வேண்டாமப்பா, நீ போய் என் காலைத் தொட்டுக்கொண்டு..." என்றார்கள்.

"சின்ன வயதில் எனக்கு நீங்கள் எண்ணெய் தேய்த்துவிடவில்லையா, அம்மா?"

"அப்பொழுது நீ அழுதுகொண்டு ஓடுவாய், துரத்திப் பிடித்துத் தேய்ப்பேன்."

"இப்பொழுது நீங்கள் ஓட முடியாது."

அவர்கள் சிரித்தார்கள். கிழிந்த தோல் கூடி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மெலிந்த தோல் இன்னமும் பழைய தோல் ஆகவில்லை. முழுவதும் ஆகாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தழும்பைத் தினமும் தொட்டுக்கொண்டுதான் வாஸலின் தடவுகிறோம்.

இதோ மறுபடியும் மார்கழி வந்திருக்கிறது. விடியற்காலையில் கோவிலிலிருந்து பாட்டு வருகிறது. இரவில் அன்னையாரின் படுக்கையிலிருந்து எந்த ஓசையும் இல்லை. நேயர்கள் வீட்டிலும் இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு சற்று நேரம் உற்றுக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம். ஓசை கேட்டால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். விளக்கை ஏற்றி, அவர்களுடைய காலைப் பாருங்கள்.